அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கையால் 60 அழைப்பு அட்டை: மடித்தால் விரிசல் விடுகிறது, வழி சொல்லுங்கள்

மல்லிப்பந்தல் | நவம்பர் 16, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். வரும் தை மாதம் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. அவர் பிறந்தது விசுவாவசு வருடம். 60 வருடம் கழித்து அதே பெயர் இந்த வருடம் திரும்ப வந்திருக்கிறது. ஜென்ம நட்சத்திரத்தன்று வீட்டோடு சின்னதாக அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம். நெருங்கிய 60 குடும்பங்களுக்கு மட்டும் நானே கையால் செய்த அட்டை போக வேண்டும் என்பது என் ஆசை. அப்பா திருச்சியில் 35 வருடம் தையல் கடை வைத்திருந்தவர். அவர் கையால் தைத்த சட்டையைப் போட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் அந்த 60 வீட்டிலும்.

300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அரக்குச் சிவப்பு ஏ4 அட்டை 20 வாங்கி வந்தேன். இரண்டாக மடித்தால் மடிப்பு நெடுக வெள்ளை வெள்ளையாக விரிசல். ஆறு அட்டை போய்விட்டது. உள்ளே விவரம் அச்சிட்ட வெள்ளைத் தாளை ஒட்டினால், காய்ந்ததும் அப்பளம் மாதிரி நெளிகிறது. மேலே என்ன அலங்காரம் செய்வது என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை. அட்டைகளை முடிக்க ஆறு வாரம் இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பட்டாம்பூச்சி | நவம்பர் 16, இரவு 11:15

வாழ்த்துகள் அக்கா! நான் கோவையில் குவில்லிங் (தாள் சுருள் வேலை) அட்டைகள் செய்து கொடுக்கிறேன். 3 மி.மீ. பட்டைத் தாளைச் சுருட்டி மல்லிகை மொட்டு செய்து மூலையில் ஒட்டினால் கல்யாணக் களை வந்துவிடும். மொட்டுக்குக் கண்ணீர்த்துளி வடிவம், இலைக்கு இரண்டு முனையும் கிள்ளிய வடிவம், அவ்வளவுதான். சுருட்டுவதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். பெரிய ஊசியின் காது நுனியை வெட்டிவிட்டால் கவை மாதிரி நிற்கும், அதில் தாளைச் செருகிச் சுற்றலாம். விரிசல் பற்றிப் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள்.

அச்சுக்கூடத்தார் | நவம்பர் 17, காலை 6:05

அம்மா, சிவகாசியில் கட்டிங் மிஷினிலும், மடிப்புக்கோடு போடும் கிரீஸிங்கிலும் 30 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கையில் தவறு இல்லை. மடித்த திசைதான் தவறு.

மிஷினில் செய்த தாள் எல்லாவற்றிலும் நார் ஒரே பக்கமாக ஓடும். கிரெயின் என்று சொல்வோம். நார் ஓடும் திசையிலேயே மடித்தால் வழவழவென்று மடியும். குறுக்கே மடித்தால் நார் ஒவ்வொன்றும் முறியும். மேல் சாயம் மட்டும் சிவப்பாகவும் உள் பாகம் வெள்ளையாகவும் இருக்கிற அட்டையில் அந்த முறிவு பளிச்சென்று தெரியும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

கடையில் வெட்டி விற்கும் ஏ4 அட்டையில் பெரும்பாலும் நார் நீளவாட்டில், அதாவது 297 மி.மீ. பக்கமாக ஓடும். அதை நடுவில் மடித்து ஏ5 அட்டையாக்கினால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதற்குப் பதில் முதலில் ஏ4ஐ இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் 148க்கு 210 மி.மீ. இருக்கும். நார் இப்போது 148 மி.மீ. பக்கமாக ஓடும். இந்தத் துண்டை நடுவில் மடித்தால் மடிப்புக்கோடும் 148 மி.மீ. பக்கமாகவே விழும். நாரும் மடிப்பும் ஒரே திசை. அட்டை சின்னதாகும், 105க்கு 148. ஆனால் ஒரு ஏ4க்கு இரண்டு அட்டை கிடைக்கும். பெரிய அட்டைதான் வேண்டும் என்றால் நீளவாட்டிலேயே மடித்து ஒடுக்கமாக 105க்கு 297 செய்யலாம், அதுவும் நன்றாக நிற்கும்.

சில பாக்கெட்டில் நார் மாறியும் வரும், அதனால் சோதித்துவிட்டு வெட்டுங்கள். அட்டையை மடிக்காமல், இரண்டு ஓரத்தையும் பிடித்து லேசாக வளையுங்கள். அப்புறம் 90 டிகிரி திருப்பி வளையுங்கள். எந்தப் பக்கம் கைக்கு இளக்கமாக வளைகிறதோ, வளைவின் முதுகு வாட்டத்தில்தான் நார் ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் வெட்டிப்போட்ட சதுரத் துண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தண்ணீர் தடவுங்கள். தானாகக் குழாய் மாதிரிச் சுருளும். குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுதான் நாரின் திசை.

அப்புறம், 300 ஜி.எஸ்.எம். அட்டையைக் கோடு போடாமல் மடிக்கவே கூடாது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். அடியில் இரண்டு செய்தித்தாள் விரித்து, ஸ்கேல் வைத்து, அட்டையின் வெளிப்பக்கத்தில் ஒரே அழுத்தில் ஒரு கோடு இழுங்கள். வெளியே பள்ளம் விழும், உள்ளே மேடு எழும்பும். மேடு உள்ளே வரும்படி மடிக்க வேண்டும். பலரும் பள்ளம் உள்ளே போகும்படி மடிப்பார்கள், அது பார்க்க வசதியாகத் தோன்றும், ஆனால் வெளித்தோல் இழுபட்டு வெடிக்கும். மடித்த பிறகு நகத்தால் தேய்க்காதீர்கள், பளபளப்புத் தடம் விழும். மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து ஸ்பூன் முதுகால் ஒரு தடவை இழுத்தால் போதும்.

மல்லிப்பந்தல் | நவம்பர் 17, இரவு 9:20

ஐயா, வெட்டி மடித்தேன். ஒரு விரிசல் இல்லை! அட்டையைக் கையிலேயே வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "துணியில் நேர் இழை, குறுக்கு இழை பார்த்துத்தானே வெட்டுவோம், தாளுக்கும் அதே கதைதானா" என்றார். அவருக்குச் சொல்லாமலே செய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர்தான் ஸ்கேல் பிடிக்கிறார்.

நெளிவுக்கு வழி சொல்லுங்கள்.

காகிதப்பூ | நவம்பர் 18, பிற்பகல் 2:30

நெளிவுக்கு நான் சொல்கிறேன். வெள்ளைப் பசையில் இருப்பது பெரும்பகுதி தண்ணீர். தாள் முழுக்கத் தடவினால் தண்ணீர் குடித்து விரியும், காயும்போது ஒரே சீராகச் சுருங்காது. உள் தாளை முழுதாக ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. நான்கு பக்கமும் 5 மி.மீ. குறைவாக வெட்டி, அதையும் தனியாக மடித்து, மடிப்புக்குப் பக்கத்தில் மட்டும் 5 மி.மீ. அகலத்தில் இரட்டைப் பக்க டேப்பையோ குச்சிப் பசையையோ வைத்து நிறுத்துங்கள். புத்தகத்தின் பக்கம் மாதிரித் தனியாகப் புரளும். ஈரக் காற்றுக் காலத்திலும் நெளியாது. இந்தத் தாளும் நாரும் மடிப்பும் ஒரே திசையில் இருக்க வேண்டும், ஐயா சொன்னதேதான்.

நான் பாண்டிச்சேரி. இங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைமுறைக் காகிதக் கூடம் 1959 முதல் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கித்தான் தாள் எடுக்கிறார்கள். உங்கள் அப்பா தையல்காரர் என்று படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. துணி வெட்டும்போது விழுகிற துண்டுதான் அந்தத் தாளுக்கு மூலப்பொருள். 60க்கும் அந்தத் தாளை வாங்கினால் செலவு கூடும், ஆனால் முகப்பில் ஒட்ட ஒரு சின்னச் சதுரம் மட்டும் என்றால் கட்டுப்படியாகும். கையால் எடுத்த தாளில் நார் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும், அதனால் எப்படி மடித்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. கத்தரியால் வெட்டாதீர்கள். ஸ்கேல் வைத்து, ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, ஒரு நிமிடம் விட்டுக் கிழியுங்கள். ஓரத்தில் பஞ்சு பிரிந்து மென்மையாக நிற்கும்.

கைமுறைக் காகிதம் என்றதும் இன்னொன்று. ஜே.சி. குமரப்பா 1892ல் தஞ்சாவூரில் பிறந்தவர். காந்தி 1934ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது வார்தாவில் அதை நடத்தியவர். அழியப் போன கைக்காகிதத் தொழிலை அங்கே மறுபடி எடுத்து நிறுத்தினார்கள். ஜெய்ப்பூர் பக்கம் சாங்கனேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு இன்றைக்கும் குமரப்பாவின் பெயர்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

அலங்காரத்துக்கு உலர்ந்த பூ வைப்பதாக இருந்தால் காகிதப்பூ (போகன்வில்லா) வையுங்கள். என் பெயருக்காகச் சொல்லவில்லை. அதன் இதழ் பிறவியிலேயே தாள் மாதிரி, ஈரம் மிகக் குறைவு. பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் பத்து நாள் வைத்தால் நிறத்தோடு காய்ந்துவிடும். சாமந்தியை முழுதாக வைக்காதீர்கள், நடுவில் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். இதழாகப் பிய்த்து வைத்தால் சரி.

தபால்பெட்டி | நவம்பர் 18, மாலை 6:10

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை தபால் வேலை. நேரில் கொடுக்கிற அட்டை வேறு, தபாலில் போகிற அட்டை வேறு. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தபாலில் எடை 20 கிராம் தாண்டினால் அடுத்த கட்டணம். எடையை மெஷின் இல்லாமலே கணக்குப் போடலாம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஏ4 என்பது சதுர மீட்டரில் 16ல் ஒரு பங்கு. 300 ஜி.எஸ்.எம். ஏ4 கிட்டத்தட்ட 19 கிராம், அதில் பாதி உங்கள் அட்டை, 9.5 கிராம். உள் தாள் 100 ஜி.எஸ்.எம். என்றால் 3 கிராம். உறை ஒரு 4 கிராம். ஆக 16.5. மிச்சம் இருப்பது மூன்றரை கிராம்தான். அதற்குள் உங்கள் அலங்காரம் அடங்க வேண்டும்.

உறை 114க்கு 162 மி.மீ. அளவில் கேளுங்கள், 105க்கு 148 அட்டை அதில் கச்சிதமாகப் போகும். பட்டாம்பூச்சி சொன்ன சுருள் பூ அழகுதான். ஆனால் தபாலில் கட்டுக் கட்டாக அடுக்கி, முத்திரை குத்தி, சாக்குப் பையில் போட்டு வருகிறது. நசுங்கிப்போன பூவோடு ஒரு அட்டை கைக்கு வந்தால் கொடுத்தவருக்கும் வருத்தம், வாங்கியவருக்கும் வருத்தம்.

பட்டாம்பூச்சி | நவம்பர் 18, இரவு 8:00

அண்ணா சொல்வது உண்மை. தபாலில் போகும் குவில்லிங் அட்டையை நான் உறையில் போடுவதில்லை, ஒரு அங்குல உயரப் பெட்டியில் வைத்துப் பார்சலாகத்தான் அனுப்புவேன். அக்காவுக்கு 60 பெட்டி கட்டாது. என் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஜிகினாத் தூள் மட்டும் வேண்டாம் அக்கா. உதிர்ந்துகொண்டே இருக்கும், குழந்தைகள் கண்ணில் படும்.

அச்சுக்கூடத்தார் | நவம்பர் 19, காலை 5:50

ஜிகினா விஷயத்தில் நானும் பட்டாம்பூச்சி பக்கம்தான். பொங்கல் வாழ்த்து சீசனில் கோபுரத்துக்கும் கரும்புக்கும் ஜிகினா தூவி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. மார்கழி முழுக்க எங்கள் தலை, இமை, சோற்றுத் தூக்கு எல்லாம் மின்னும்.

கோலப்பொடி | நவம்பர் 19, இரவு 9:45

கும்பகோணத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். மல்லிப்பந்தல், உங்கள் பதிவில் இரண்டு விஷயம் எனக்கு அப்படியே நின்றுவிட்டது. 60 வருடம் சுற்றி வந்த பெயர், தையல்காரர் அப்பா. ஊசியும் நூலும் வட்டமும் போதும். ஒட்டுவதற்கு எதுவுமே வேண்டாம்.

வரைபடத் தாளில் காம்பஸால் 38 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். பாகைமானி வைத்து 6 டிகிரிக்கு ஒரு புள்ளி. மொத்தம் 60 புள்ளி வரும், வருடத்துக்கு ஒன்று. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஏறத்தாழ 4 மி.மீ. இதைவிட நெருக்கினால் அட்டை தபால்தலை ஓரம் மாதிரிக் கிழிந்துவிடும். உங்கள் அட்டை 105 மி.மீ. அகலம், வட்டம் 76 மி.மீ. விட்டம். இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.

அட்டைக்கு அடியில் நாலாக மடித்த துண்டு, மேலே வரைபடம், நான்கு மூலையிலும் கிளிப். மெல்லிய ஊசியால் ஒவ்வொரு புள்ளியிலும் குத்துங்கள். ஊசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் பின்பக்கத்தில் வட்டம் கோணும். ஊசியின் தலையை ஒரு கார்க்கில் செருகிக்கொண்டால் விரல் வலிக்காது.

இப்போது நூல். புள்ளிகளுக்கு 1 முதல் 60 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். நூலின் முனையைப் பின்பக்கம் டேப்பால் ஒட்டிவிட்டு 1ல் வெளியே எடுங்கள். முன்பக்கம் 1லிருந்து 24க்கு. பின்பக்கம் பக்கத்திலேயே இருக்கும் 25க்கு. முன்பக்கம் 25லிருந்து 2க்கு. பின்பக்கம் 3. முன்பக்கம் 3லிருந்து 26க்கு. பின்பக்கம் 27. முன்பக்கம் 27லிருந்து 4க்கு. இப்படியே போனால் ஒவ்வொரு புள்ளியும் 23 தள்ளி இருக்கும் புள்ளியோடு சேரும். எல்லாம் நேர்க்கோடுதான், ஆனால் 60 கோடும் விழுந்த பிறகு நடுவில் 27 மி.மீ. அளவில் ஒரு வட்டம் தானாகவே திறந்து நிற்கும். அந்த வட்டத்தை யாரும் வரைந்திருக்க மாட்டோம். ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் இதைச் செய்வோம், அது தெரிய ஆரம்பிக்கும் நிமிடத்தில் வகுப்பே அமைதியாகிவிடும்.

ஏன் 23 என்று கேட்பீர்கள். 60க்கும் 23க்கும் பொதுக் காரணி கிடையாது. 23 தள்ளி 23 தள்ளி விரலால் தொட்டுக்கொண்டே போனால் 60 புள்ளியையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் புறப்பட்ட இடத்துக்கு வருவீர்கள். 20 தள்ளிப் போனால் மூன்றாவது அடியிலேயே சுற்று முடிந்து ஒரு முக்கோணம்தான் கிடைக்கும். அறுபது வருடத்தில் ஒன்றைக்கூட விடாமல் வருகிற எண் வேண்டும் என்றுதான் 23ஐச் சொன்னேன்.

நூல் முன்பக்கம் 4.3 மீட்டர், பின்பக்கமும் முடிச்சும் சேர்த்து 4.75 வைத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு கிராம்கூட வராது, தபால்பெட்டி ஐயாவும் ஒத்துக்கொள்வார். பின்பக்கத் தையலைக் காகிதப்பூ சொன்ன உள் தாள் மறைத்துவிடும்.

தபால்பெட்டி | நவம்பர் 19, இரவு 10:20

தாராளமாக ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். இது நசுங்காது, உதிராது. ஆனால் ஒரு அட்டைக்கு எவ்வளவு நேரம்?

கோலப்பொடி | நவம்பர் 20, காலை 6:30

குத்துவதற்குப் பத்து நிமிடம், நூலுக்குப் பழகிய கையில் 40 நிமிடம். 60 அட்டைக்கு 50 மணி நேரம்.

நிலாமுற்றம் | நவம்பர் 20, காலை 11:00

எல்லோரும் நல்ல யோசனைகள் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். 50 மணி நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை. என் அப்பாவின் அறுபதுக்கு நான் மண்டபம், சமையல், பத்திரிகை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அவரோடு உட்கார்ந்து பேசவே இல்லை. அடுத்த வருடம் அவர் இல்லை. அட்டை அச்சகத்தில் கொடுத்தால் இரண்டு நாளில் வந்துவிடும். அந்த நேரத்தை அப்பாவுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

மல்லிப்பந்தல் | நவம்பர் 20, இரவு 10:05

நிலாமுற்றம் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எழுதியதற்கு நன்றி.

ஆனால் இங்கே நடப்பது வேறு மாதிரி அக்கா. கடையை மூடிய பிறகு அப்பா சாயங்காலம் வெறுமனே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். நான்கு நாளாக எட்டு மணி ஆனதும் அவரே மேசையைத் துடைத்து விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைக்கிறார். நேற்று டீச்சரின் பதிவை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். பட்டுப் பாவாடைக்கு ஓரம் தைத்து மிஞ்சிய நூல்கண்டுகள். சந்தன நிறத்தில் மட்டும் ஏழெட்டு இருந்தது. ஊசியில் நூலைக் கோக்க அவருக்கு இப்போது கண்ணாடி வேண்டும், ஆனால் நூலை இழுக்கிற கை அப்படியே இருக்கிறது. நான் இழுத்தால் ஒரு கோடு இறுகி ஒரு கோடு தொய்கிறது. அவருடையது 60ம் ஒரே இறுக்கம். முதல் அட்டைக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் என் தாத்தா முதல் மிஷின் வாங்கிய கதையைச் சொன்னார். நான் அதுவரை கேட்டதே இல்லை.

60லும் நூல் வேலை முடியாது என்பது சரிதான். பெரியத்தை, தாய்மாமா, அப்பாவின் கடைப் பையன்கள் என்று 15 பேருக்கு மட்டும் நூல். மற்ற 45க்கு என்ன செய்யலாம்?

கோலப்பொடி | நவம்பர் 21, காலை 6:15

45க்கும் அதே 60 புள்ளி வட்டம், நூல் இல்லாமல். இந்தத் தடவை உள்பக்கத்திலிருந்து குத்துங்கள். வெளிப்பக்கம் ஒவ்வொரு புள்ளியும் கடுகு மாதிரி எழும்பி நிற்கும், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் நிழல் விழும். வட்டத்துக்குள்ளே வெள்ளை ஜெல் பேனாவால் உங்கள் அம்மா தினமும் வாசலில் போடுகிற கோலத்தை அவரையே போடச் சொல்லுங்கள். அரக்குச் சிவப்பு அட்டை, வெள்ளைக் கோடு, செம்மண் இட்ட தரை மாதிரியே இருக்கும். சிக்குக் கோலம் என்றாலும் பரவாயில்லை. நூலுக்குத்தான் வளைவு வராது, பேனாவுக்கு வரும். இது அம்மாவுக்கும் கல்யாணம்தானே.

காகிதப்பூ | நவம்பர் 21, காலை 9:40

டீச்சர், கடைசி வரி அருமை.

ஒரு எச்சரிக்கை. கோலத்தை முதலில் போட்டு நன்றாகக் காயவிட்டு அப்புறம் குத்துங்கள். புள்ளி எழும்பிய பிறகு அதன் மேல் கை வைத்து எழுதினால் அமுங்கிவிடும். ஜெல் பேனா காய அரை மணி கொடுங்கள், ஈரக் காற்றாக இருந்தால் ஒரு இரவு.

மல்லிப்பந்தல் | டிசம்பர் 17, இரவு 9:30

நாளாகிவிட்டது, மன்னியுங்கள். 15 நூல் அட்டையும் முடிந்தது. 41 கோல அட்டை முடிந்தது, நான்கு பாக்கி. மழை நாளில் இரண்டு தடவை அட்டைகள் ஓரம் சுருண்டன. பழைய கட்டிங் பலகைக்கு அடியில் வைத்து மேலே இஸ்திரிப் பெட்டியை, சூடில்லாமல்தான், பாரத்துக்கு ஏற்றி வைத்தோம், நேராகிவிட்டது.

அம்மா முதலில் பேனா பிடிக்க மாட்டேன் என்றார். மாவு என்றால் கை தானாக ஓடும், பேனா என்றால் நடுங்குகிறது என்றார். அட்டையை மேசையில் வைக்காமல் தரையில் வைத்துக் கொடுத்தேன். குனிந்து உட்கார்ந்து, புள்ளி வைத்து, கை எடுக்காமல் போட்டுவிட்டார்.

இப்போது ஒரு சந்தேகம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும் என்கிறார். தண்ணீரில் குழைத்துத் தடவிப் பார்த்ததில் மூலை ஊறி இரண்டு படலமாகப் பிரிந்தது.

அச்சுக்கூடத்தார் | டிசம்பர் 18, காலை 5:45

தண்ணீரைக் குறையுங்கள் அம்மா. மஞ்சள்பொடியில் மூன்று நான்கு சொட்டு மட்டும் விட்டுப் புட்டுமாவுப் பதத்தில் உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். 20 அட்டையை ஒன்றாகத் தட்டி அடுக்கி, இறுக்கிப் பிடித்து, மூலை விளிம்பில் மட்டும் விரலால் ஒரு ஒற்று. முகப்பில் தடவ வேண்டாம். விளிம்பில் பட்டாலே மங்கலம்தான். காய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காயவைக்காதீர்கள், மஞ்சள் நிறம் வெளுத்துவிடும்.

மல்லிப்பந்தல் | டிசம்பர் 19, இரவு 8:50

விளிம்பில் ஒற்றினோம் ஐயா, அடுக்கின் நான்கு மூலையும் பொன் கோடு மாதிரி இருக்கிறது. தபாலில் போகிற 22 அட்டை நாளைக் காலை கிளம்புகிறது. மற்றதை நானும் அப்பாவும் நேரில் கொடுக்கப் போகிறோம்.

பெரியத்தைக்கு உள்ள அட்டையை மட்டும் அப்பா உறையில் போடவிடவில்லை. உள் தாளின் கீழே அவர் கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அக்கா, நீ தைக்கச் சொல்லிக்கொடுத்த பொத்தான்தான் என் முதல் தையல்." காயட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, அட்டையைத் திறந்தபடியே மேசையில் நிற்க வைத்திருக்கிறார்.